ஓரசை

பிரேமன் நகர நீதிமன்றம், மூன்றாம் தளம்.
ஜன்னலில் ஆலங்கட்டி பொரிகிறது.
என் முன்னால் ஒரு குவளைத் தண்ணீர், ஒரு பென்சில்,
மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசிய என் வாய்.

ஜெர்மன் வாக்கியம் பழகிவிட்டது எனக்கு.
‘கதவை அவன்’ என்று தொடங்குவார் வக்கீல்.
இடையில் வெள்ளிக்கிழமை வரும், சாவிக்கொத்து வரும்,
மைத்துனன் சொன்னதாக ஒரு கிளைக்கதை வரும்.
கடைசியில்தான் விழும் அந்தத் துண்டுச் சொல்:
‘ட்ஸூ’ என்றால் சாத்தினான்,
‘அவுஃப்’ என்றால் திறந்தான்.
அதுவரை அந்தக் கதவு சாத்தியும் சாத்தாமலும் நிற்கும்,
நானும் பாதி மூச்சில் நிற்பேன்.

எங்கள் ஜார்ஜிய மொழிக்கு அந்தப் பொறுமை கிடையாது.
வினை வாசலுக்கு வரும்போதே
செருப்பில் ஒட்டிய மண்ணைக் காட்டிவிடும்:
ஏறியா, இறங்கியா, கடந்தா,
சொல்கிறவன் நிற்பது எந்தப் பக்கம்.
ஷெவிதா: உள்ளே போனான். சொல்பவன் வெளியே.
ஷெமோவிதா: உள்ளே வந்தான். சொல்பவன் உள்ளே.
நடுவில் ஒரு ‘மோ’.
தும்மினால் காதில் விழாது.

சாட்சி மேசையில் பாத்ரி லொம்தாதிட்ஸே.
உணவகச் சமையல்காரன், நகக்கண்ணில் வால்நட் கறை.
கல்லாப்பெட்டி காணாமல் போன இரவில்
தெருவில் நின்று சிகரெட் பிடித்ததாகக்
கையெழுத்துப் போட்டவன்.
போலீசிடம் அன்று அவன் சொன்னது ‘ஷெசுலா’:
உள்ளே போயிருக்கிறான் போல.
ஈரத் தரையைப் பார்த்து
மழை பெய்திருக்கிறது என்போமே, அந்த வடிவம்.
அன்றைய மொழிபெயர்ப்பாளருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம்.
வெறும் ‘நுழைந்தான்’ என்று எழுதிவிட்டார்.
கோப்பில் அந்தப் ‘போல’ இல்லை.

நீதிபதி ஓலன்டோர்ஃப் அம்மையார் கேட்கிறார்:
ரமாஸ் என்ன செய்தார்?

பாத்ரி தன் கைகளைப் பார்த்தபடி சொல்கிறான்:
ஷெமோவிதா.

அவனுக்கே அது கேட்கவில்லை.
தாய்மொழியில் நடப்பவன் தன் காலடியைக் கேட்பதில்லை.
எனக்குக் கேட்டது.
எதிர் மேசையில் ரமாஸ் தலை நிமிர்ந்தான்.
எங்கள் இருவருக்கு மட்டும்
பாத்ரி தெருவை விட்டு
சமையலறைக்குள், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்,
சிகரெட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

போன புத்தாண்டுக்கு எனக்குத்
தேனும் பருப்பும் காய்ச்சிய கோசினாக்கி
காகிதத்தில் மடித்துத் தந்த கை அது.

ஜெர்மனில் ஒரு நல்ல சொல் இருக்கிறது, ‘பெட்ராட்’.
நுழைந்தான் என்று பொருள்.
யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டால்
தோளைக் குலுக்கிவிட்டுப் போகும்.
இலக்கணத்தில் பிழை பிடிக்க முடியாது,
சத்தியப் பிரமாணத்திலும்கூட.
நாக்கின் நுனிவரை வந்து நின்றது.
ரமாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

‘காம் ஹெரைன்’ என்றேன்.
உள்ளே வந்தான்.
‘ஹெர்’ரை நான் இழுக்கவில்லை,
விழுங்கவும் இல்லை.

தட்டச்சு நிற்காமல் ஓடியது.
அம்மையார் பக்கத்தைத் திருப்பினார்.
சாவி எத்தனை, விளக்கு எரிந்ததா,
வேலை முடிந்தது எத்தனை மணிக்கு.
அவ்வளவுதான், தப்பித்தான் என்று நினைத்தேன்.
எனக்கு நிம்மதியாகவும் இருந்தது,
அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு அவர் பேனாவை மூடினார்.
‘வந்தார் என்றீர்களே. எங்கே வந்தார்?
நீங்கள் அப்போது எங்கே நின்றீர்கள்?’

பெயர்த்துச் சொன்னேன்.
எங்கள் மொழியில் ‘நான்’ என்பது
வினையின் நெற்றியில் ஒரு ‘வ்’, அவ்வளவே.
பாத்ரியின் மேற்பல் கீழுதட்டில் பட்டது.
அந்த ‘வ்’ வரைக்கும் வந்தான்.
அங்கேயே நிற்கிறான்.

பென்சிலைப் பிடித்தபடி நான்.
வெளியே ஆலங்கட்டி நின்றிருக்கிறது.
பார்த்துச் சொல்லவில்லை.
சத்தம் இல்லை, அதை வைத்துச் சொல்கிறேன்.